வண்டி தூங்கவில்லை

விலையை நான் கூட்டிச் சொல்வேன், அது தொழில். நடந்ததைக் கூட்டிச் சொன்னதில்லை. இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

என் மனைவிக்கு நிறைமாதம். வலி எடுத்ததும் கிளம்ப வேண்டும் என்று பழைய கார் ஒன்று வாங்கினேன். புரோக்கர் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டேன். மனிதர் மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டினார். பேரம் பேசுகிறவர்கள் மடியில் வளர்ந்தவன் நான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தினமும் காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. புதிது போட்டேன். அதுவும் செத்தது. மனைவிக்கோ எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம்.

மச்சினன் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவன். கரண்டை அளக்கும் மீட்டரோடு எங்கள் ஷெட்டுக்கு வந்தான்.

"எதுவோ கரண்டைக் குடிக்குது மாமா. எதுன்னு புடிச்சிடலாம்."

பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவே மீட்டரைக் கோத்தான். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வரச் சொன்னான். ஃபியூஸ்களை எட்டுவதற்காக டிரைவர் கதவு மட்டும் திறந்திருந்தது. அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்திருந்தான். என்னைவிட நல்ல வியாபாரி.

"இனி சும்மா உட்காருங்க. வண்டி தூங்கணும்."

"வண்டியுமா?"

"எல்லாம் ஒவ்வொண்ணா அணையும். மீட்டர் கீழே வரும். வரலைன்னா அங்கதான் திருடன்."

மீட்டர் தெரிவதற்காக ஷட்டரைப் பாதி இறக்கினோம். வெளியே வெயில் கொளுத்தியது. மீட்டர் இறங்கியது. அரை ஆம்பியர்... கால்... அதற்கும் கீழே. மச்சினன் கட்டைவிரலைத் தூக்கினான்.

டக்.

பின்பக்க இடது கதவு. லாக் மேலே எழும்பியது. மீட்டர் நாலைத் தாண்டித் துள்ளி, அரையில் வந்து நின்றது. வண்டி விழித்துக்கொண்டது.

"ரிமோட்டை அமுக்கினீங்களா?"

"சாவி வீட்டுக்குள்ள இருக்குடா. நீதானே வைக்கச் சொன்னே?"

லாக் தானாகவே இறங்கியது. காத்திருந்தோம். மறுபடி தூங்கப்போகும் நேரம் பார்த்து...

டக்.

"லாக் மோட்டார் கோளாறு," என்றான். குரலில் நிம்மதி. அந்த ஃபியூஸைப் பிடுங்கினான். மீட்டர் சரிந்து அடியில் படுத்தது. சத்தமும் இல்லை.

"புடிச்சாச்சு மாமா. டீ சொல்லுங்க!"

எனக்கு வாயெல்லாம் பல். அப்போது...

டொக்.

கண்ணாடியில். உள்ளேயிருந்து.

டொக்... டொக்...

எட்டிப் பார்த்தேன். காலி சீட்.

டொக் டொக் டொக் டொக்...

மச்சினன் ஃபியூஸைத் திரும்பச் சொருகினான்.

நின்றது.

டக்.

வெளியிலிருந்து அந்தக் கதவைத் திறந்தான். கதவின் ஓரத்தில் சைல்டு லாக். உள்ளே இருக்கும் குழந்தைகள் கதவைத் திறக்காமலிருக்கப் போடுவது. போடப்பட்டிருந்தது.

"வெளிய வரப் பாக்குது மாமா... பாவம்."

அதை எடுத்துவிட்டுக் கதவை மூடினான்.

மாடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள். வலி.

வேறு வண்டி தேட நேரமில்லை. ஒயரை மாட்டினான், கிளம்பிவிட்டது. மனைவி பின்சீட்டில் வலப்பக்கம் உட்கார்ந்தாள். மச்சினனை அவள் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். காது கேட்காதவன்போல் முன்னால் ஏறினான்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வளைவில் திரும்பினேன்.

இடது பின்கதவு திறந்தது.

ஓடும் வண்டியில்.

பிரேக் போட்டேன். மனைவி முன்சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நான் தொடலைங்க... எனக்குப் பக்கத்துல சீட்டு மேல எழும்புச்சு. யாரோ எழுந்த மாதிரி."

பெண் குழந்தை. இருவரும் நலம். மறுநாள் புரோக்கருக்குப் போன் போட்டேன்.

"சைல்டு லாக்கை எடுத்துட்டீங்களா சார்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

பிறகு சொன்னார். பழைய உரிமையாளரின் அப்பாவுக்கு மறதி நோய். வீட்டைக் கண்டதும், வண்டி ஓடும்போதே கதவைத் திறந்து இறங்கப் பார்ப்பாராம். அதற்காகப் போட்ட லாக். ஒரு மதியம் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஏதோ வேலையாகப் போயிருக்கிறார்கள். திரும்பிவர நேரமாகிவிட்டது. நல்ல வெயில்...

"கதவு எங்க சார் திறந்துச்சு?"

"தண்ணித் தொட்டி தாண்டி, வளைவுல."



"அவங்க வீடு அங்கதான் சார்."

அதன்பிறகு பேட்டரி ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. சில வாரம் கழித்து புரோக்கரே கூப்பிட்டார்.

"சார், அந்த வளைவு வீடு விலைக்கு வருது. குடும்பமே காலி பண்ணிடுச்சு. தினமும் அவங்க தூங்கினதும், ரூமை யாரோ வெளியிலிருந்து பூட்டிடுவாங்களாம். பாதி விலைக்கு முடிச்சுத் தரேன். பாக்கறீங்களா?"

விலை எவ்வளவு என்று கேட்காமல் நான் போனை வைத்தது, வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.