வின்னிபெக்கிலிருந்து போன பொம்மை

இந்த ஊரில் பொம்மையைக் குப்புறக் கவிழ்த்து அதன் பின்கழுத்தை உற்றுப் பார்க்கும் பெண்ணை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. கனடாவின் வின்னிபெக்கில் முதியோர் இல்லத்து வேலை முடிந்து, கால் கடுக்க நான் நேராகப் போவது த்ரிஃப்ட் ஸ்டோருக்கு. அடுத்தவர் கழித்த சாமான்களை மலிவாக விற்கும் கடை அது. அம்மா இருந்திருந்தால் என்னை வாசலோடு நிறுத்தியிருப்பாள். திண்டிவனத்தில் பழைய அண்டா ஒன்று வாங்கிவந்ததற்கே, "எந்த எழவு ஊட்டு சாமானோ" என்று மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே விட்டாள். இங்கே முக்கால்வாசி எழவு வீட்டுச் சாமான்தான்.

போன குளிர்காலத்தில் டோஸ்டர்களுக்கு நடுவே அவள் கிடந்தாள். படுக்கவைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். பின்கழுத்தில், செய்த கம்பெனியின் பாதி அழிந்த முத்திரை. பணம் வாங்கிய பெண் "மகளுக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொன்னால் அவள் ஸாரி சொல்வாள், நான் பரவாயில்லை சொல்ல வேண்டும். அலுப்பில் தலையாட்டிவிட்டேன். "லக்கி கேர்ள்" என்றாள். நூலகப் புத்தகங்களிலும் பொம்மை சேகரிப்பவர்களின் இணையக் குழுவிலும் அந்த முத்திரையைத் தேடி அலைந்தேன். மரத்தூளும் பசையும் சேர்த்து அழுத்திய தலை, என் அம்மாவைவிட மூத்தது, நனைந்தால் வெடித்துவிடும் என்றார்கள். பஞ்சால் பட்டும் படாமலும் முகம் துடைத்து, ஊருக்குப் போன தோழியிடம் தம்பி மகளுக்காகக் கொடுத்தனுப்பினேன். அந்தக் குழந்தையை நான் தொட்டதே இல்லை. அவளுக்குப் போனில் தெரியும் முகமாகவே இருந்துவிடுவேனோ என்று பயம். என் கைபட்ட ஒன்று அவள் மடியில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

தம்பி வீடியோவில் கூப்பிட்டான். மரக்காணம் சாலையில் பாதி எழும்பிய புது வீட்டின் முன் நின்றிருந்தான். உனக்கும் ஒரு அறை உண்டு என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்கும் வீடு.

"பாப்பாகிட்ட பொம்மய குடுத்தியாடா?"

"குடுத்தேன்க்கா. கண்ண மூடி மூடித் தொறக்குதா, அத்த பொம்ம வேணாம்னு ஒரே அழுவ. பேஜாராப் போச்சு. அதான் ஊட்டு மேல கட்டிட்டேன். செம திருஷ்டிக்கா! ரோட்ல போறவன்லாம் நின்னு பாத்துக்கினு போறான்."

போனை உயர்த்திக் காட்டினான். இடுப்பில் கயிறோடு, பூசணிக்காய்க்குப் பக்கத்தில் தொங்கினாள். பின்னால் மழை மேகம். படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை; நனைந்தால் வெடித்துவிடும் தலை அது. அதன் வயதைச் சொல்ல வேண்டும், முத்திரையைச் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்குத் தெம்பில்லை.

"அவுத்து உள்ள வைடா."

"பால் காய்ச்சுற வரைக்கும் இருக்கட்டும்க்கா. கண்ணு பட்டுடப் போவுது."

பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு, "அத்த எங்கம்மா?" என்று கேட்டான். நான் போனுக்குள்ளிருந்து கையசைத்தேன். குழந்தை என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, விரலை நீட்டி, "அத்த" என்றது. அங்கே நான், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தேன்.