மூடிய தளத்துக்குக் கீழே

தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் எடுப்பாக இருந்ததால் அல்ல; பல் செட் செய்வது அவள் தொழில். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, ஒடுக்கமான ஓர் அறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, முகம் தெரியாத யார் யாருக்கோ பல் செய்துகொண்டிருப்பாள். "இந்த ஆள் வாய் ஓயாம பேசுவாரு போல, கீழ்வரிசை தேஞ்சே போயிருக்கு" என்று அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

கப்பல் அவள் கைக்கு வந்தது தற்செயலாக. மகனுக்குப் பன்னிரண்டு வயதில் யாரோ ஒரு பெட்டியைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். உள்ளே இருக்கும் மரத்துண்டுகளை ஒட்டிப் பாய்மரக் கப்பல் செய்ய வேண்டும். அவன் மூன்று பலகை ஒட்டினான். நாலாவது உடைந்தது. பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலடியைக் கூட்டும்போது அதை வெளியே இழுத்தவள், சாயங்காலம்வரை துடைப்பத்தைத் தொடவில்லை. அதன்பின் பதினோரு வருடத்தில் ஏழு கப்பல் செய்தாள். கடலை அவள் நேரில் பார்த்தது இரண்டே முறை. இரண்டாம் முறை மழை வேறு.

பொது நூலகத்தின் மாடிப்படி திருப்பத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கப்பல் ஒன்று இருந்தது. ஒரு மீட்டர் நீளம், மூன்று பாய்மரம். யார் செய்தது, எப்போது வந்தது, ஒன்றும் தெரியாது. பதிவேட்டில் 'கப்பல், மரம், ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தது. கூரை ஒழுகி, ஊறிப்போன காரை பெயர்ந்து ஒருநாள் அதன்மேல் விழுந்தது. கண்ணாடி நொறுங்கியது, இரண்டு பாய்மரம் முறிந்தது, கயிறெல்லாம் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி ஆகிவிட்டது.

நூலகர் பல்லக்காவைத் தேடிக்கொண்டு வந்தார். "தூக்கிப் போட மனசு வரலம்மா. நீங்க ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தாள். அன்றைக்கே ஆட்டோவில் மடிமேல் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் இறக்கினாள். பள்ளி வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அப்போ நாம எங்க சாப்பிடறது?"

"மடியில வச்சுக்க வேண்டியதுதான்."

எட்டு மாதம் அப்படித்தான் சாப்பிட்டார்கள்.

பஞ்சை எச்சிலில் நனைத்து விரற்கடை விரற்கடையாக அழுக்கை எடுத்தாள். மரத்துக்கு எச்சிலைவிடச் சாதுவான மருந்து இல்லை என்பது அவள் கட்சி. கறுப்புக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் மரம் வந்தது. முறிந்த பாய்மரங்களின் நடுவில் ஊசித்துளை போட்டு, பித்தளைக் கம்பி செருகி ஒட்டினாள். கயிறு ஓடும் கப்பிகள் ஒவ்வொன்றும் அரிசி அளவு. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் ஒன்றுகூட இன்னொன்றைவிடக் கோணலாக இல்லை. "மனுஷக் கையா இது?" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டே இருந்தாள். வேலை செய்த நேரத்தைவிட வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் அதிகம்.

ஒருநாள் கப்பலைச் சாய்த்து அடிப்பலகையைத் துடைக்கும்போது, உள்ளே ஏதோ உருண்டது. மறுபக்கம் சாய்த்தாள். மறுபடி உருண்டது. உள்சட்டம் ஏதாவது கழன்றுவிட்டதோ என்று அவளுக்குத் திக்கென்றது. மேல்தளத்தைப் பெயர்த்தால்தான் பார்க்க முடியும். பெயர்த்தால் அந்தப் பலகைகள் பிழைக்காது.

அவள் தம்பி ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவன். போன் போட்டாள்.

"அக்கா, யாருக்கு அடிபட்டுது?"

"கப்பலுக்குடா."

தம்பி டூட்டி நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஞாயித்துக்கிழம மத்தியானம் வா. கூட்டம் இருக்காது" என்றான்.

கம்ப்யூட்டர் பெயரும் வயதும் கேட்டது. கப்பல் என்று அடித்தான். வயதுக்குத் தொண்ணூறு என்று குத்துமதிப்பாகப் போட்டான். "ஆணா பொண்ணான்னு கேக்குது."

"பொண்ணுன்னு போடு. இத்தன வருஷம் ஒரே இடத்துல நின்னு எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டிருக்கே."

கதிரின் அளவை விரலுக்கு எடுப்பதைவிடக் கம்மியாக வைத்து, மூன்று பகுதியாக எடுத்தான். முதல் படம் திரையில் வந்ததும் உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான்.

"அக்கா, இங்க வா. சீக்கிரம் வா."

தளத்துக்குக் கீழே ஒரு வீடு இருந்தது.

ஏணி இருந்தது. ஒவ்வொரு படியும் எண்ணும்படி தெரிந்தது. நீள மேசை, இருபுறமும் பெஞ்சு. சுவரோரம் அடுக்குப் படுக்கைகள், தலைமாட்டில் சின்னச் சின்ன அலமாரி. மூலையில் அடுப்பு; உலோகம் என்பதால் அது மட்டும் பளீரென்று வெள்ளையாக இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக ஆறு மர ஆணி. ஐந்தில் குவளை தொங்கியது. ஆறாவது ஆணி காலி. உருண்டது அதிலிருந்து கழன்று விழுந்த குவளைதான்.

பல்லக்கா திரையை ஒட்டி முகத்தைக் கொண்டுபோனாள். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, எட்டிப் பார்க்க ஓர் ஓட்டைகூட இல்லை. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே ஒருவர் இத்தனையையும் செய்து, குவளைகளை மாட்டி, மேலே பலகையை வைத்து மூடியிருக்கிறார். கண் நிறைந்துவிட்டது. தம்பியும் மூக்கை உறிஞ்சினான். "ஏசி ஜாஸ்தியா வச்சுட்டேன்" என்றான்.

அன்று மாலை வீட்டுக்காரர் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "திறந்து அந்தக் குவளைய மாட்டிடுவியா?"

"மாட்டேன்."

"உருண்டுக்கிட்டே இருக்குமே?"

"இருக்கட்டும். கை வைக்க எனக்குத் தைரியம் இல்ல."

கப்பல் நூலகத்துக்குத் திரும்பியது, புதுக் கண்ணாடியோடு. நூலகர் எக்ஸ்ரே படத்தைப் படிக்கட்டு ஜன்னலில் ஒட்டினார். வெயில் பட்டதும் உள்வீடு முழுக்க வெளிச்சமாகிவிடும். புத்தகம் எடுக்க வந்தவர்கள் படியிலேயே நின்றார்கள். ஏறுகிறவர்களுக்கு வழி இல்லை. பதிவேட்டில் நூலகர் ஒரு வரி சேர்த்தார்: 'உள்ளே குவளை ஆறு.'

பல்லக்கா எட்டாவது கப்பலைத் தொடங்கினாள். இம்முறை தளத்தை மூடும் முன் ஏணி செய்தாள், படுக்கை செய்தாள், பல்லுக்கு வைக்கும் மெழுகில் வார்ப்பு எடுத்து ஓர் அடுப்பு செய்தாள். நாலு மாதம் ஆனது. கடைசிப் பலகையில் பசை தடவியபோது வீட்டுக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இரு இரு. இன்னொரு தடவ பாத்துக்கறேன்."

பசை காயுமுன் ஒரு நிமிடம் கொடுத்தாள். அவர் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு மூலைக்கும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்து தலையசைத்தார். அவள் பலகையை வைத்து, பசை பிடிக்கும்வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.