அந்துவானுக்கு அடையாளம் சொன்னவர்

1. சேர்ந்த நாள்

அந்துவான் புதுச்சேரி ஸ்டேஷனில் எங்கள் ரயில்வே போலீஸ் அவுட்போஸ்ட்டில் சேர்ந்த அன்றே தண்டவாளத்தில் ஒரு பாடி. நான் அங்கே ஹெட் கான்ஸ்டபிள். புதிதாக வருகிறவர்கள் முதல் பாடியைப் பார்த்து வாந்தி எடுப்பார்கள். அவன் எடுக்கவில்லை. மூடத் துணி கேட்டான். இல்லை என்றேன். தன் புது மழைக்கோட்டைக் கழற்றிப் போர்த்தினான். அது திரும்பி வரவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டே டூட்டி பார்த்தான்.

2. ராஜினாமா

அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர். எங்கள் ஊரில் இவர்களைச் சொல்தா என்போம். நாலாம் வருடம் அந்துவானுக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி வந்தது. பிரெஞ்சுக்காரன் இங்கே போலீஸாக இருக்க முடியாது. ராஜினாமாக் கடிதத்தோடு இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றான்.

"அங்க போயி என்னடா பண்ணப் போற?"

"பட்டாளத்துல சேரப் போறேன் சார்."

"இங்க திருடன் ஓடுவான். அங்க திருப்பிச் சுடுவானுங்கடா."

"தெரியும் சார். அப்பா சொல்லியிருக்காரு."

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். எனக்குத்தான் கோபம். அவுட்போஸ்ட்டில் பாதி வேலையை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

3. சண்டை

இரண்டு வருடம் கழித்து அவனை ஆப்பிரிக்காவில் சண்டை நடந்த ஒரு பாலைவன நாட்டுக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான்.

"ரோட்டக் காவல் காக்குறோம்ணே. தண்டவாளம் இல்ல, மணல். அவ்ளோதான்."

"பயமா இருக்காடா?"

"இருக்குண்ணே" என்றான். பிறகு என் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டான்.

ஒரு நாள் அவன் வண்டி கண்ணிவெடியில் ஏறியது. வெளியே வந்து விழுந்தவன் டிரைவரை இழுத்துப் போட்டான். உள்ளே இன்னொருவன் கிடந்தான். திரும்பிப் போனான். வண்டி வெடித்து இருவரும் செத்தார்கள்.

4. பெட்டி

சீல் வைத்த பெட்டியில் வந்தான். கல்லறைத் தோட்டத்தில் அவன் அம்மா பெட்டியைத் திறக்கச் சொன்னார். கூட வந்த பிரெஞ்சு அதிகாரி முடியாது என்றார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ போலீசுதானே? உள்ள இருக்கிறது எம்புள்ளதானா? சொல்லு."

எத்தனையோ குடும்பங்களுக்கு முகத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கியவன் நான். பார்க்காத பாடிக்கு என்ன சொல்வது?

உயிர் தப்பிய டிரைவரும் வந்திருந்தான், தோளில் கட்டோடு. அந்துவானின் அப்பாவை மொழிபெயர்க்க வைத்து, சாட்சியை விசாரிப்பதுபோல அவனை விசாரித்தேன். கடைசியாக அந்துவான் என்ன பேசினான்?

உள்ளே கிடந்தவனைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினானாம். தமிழில். அர்த்தம் தெரியாது, சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று டிரைவர் சொல்லிக் காட்டினான். உச்சரிப்பு கோணலாகத்தான் வந்தது.

"இரு, இரு. தோ வந்துட்டேன்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவன்தான்" என்றார் அம்மா. "எறக்குங்க."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடையாளம் சொல்ல வருகிறவர்களை அவசரப்படுத்தாதீர்கள். பாதிரியார் காத்திருப்பார். அதிகாரியும் காத்திருப்பார். பெற்றவள் சரி என்ற பிறகு இறக்கினால் போதும்.