எனக்கு வந்த அந்நியபாஷை

வளைகுடாவில் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில், வெள்ளிக்கிழமை லீவு நாளில் எங்கள் ரூமில் ஜெபம் நடக்கும். நடத்துகிறவர் கன்னியாகுமரிக்கார வெல்டர் அண்ணன். கண்ணை மூடி ஜெபிக்கும்போது ஒவ்வொருவராக அந்நியபாஷை பேசுவார்கள். பரிசுத்த ஆவியானவர் கொடுக்கிற பேச்சு, யாருக்கும் அர்த்தம் தெரியாது. எனக்கு மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று துருவுவார்களோ என்று வியாழக்கிழமையே பயம் பிடித்துக்கொள்ளும்.

துருவினால் தெரிந்துவிடும், நான் நரிக்குறவன் என்று. ஊர் கேட்டால் பெரம்பலூர் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பிள்ளைகள் பெஞ்சை நகர்த்தி உட்கார்ந்ததால்தான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இங்கே எல்லோரோடும் ஒன்றாக உட்கார்ந்திருந்தேன். அது போய்விடக் கூடாது.

ஊரிலும் எனக்கு ஆள் இல்லை. எங்கள் குலதெய்வங்களைக் கட்டி வைத்திருக்கும் சாமி மூட்டையை, ஞானஸ்நானம் எடுத்தபோது தம்பியிடம் கொடுத்துவிட்டேன். மூட்டையை விட்டவன் என்று எங்கள் கூட்டம் தள்ளி வைத்துவிட்டது.

அந்த வாரம் மனைவி போனில் அழுதாள். பிரசவம் நெருங்கிவிட்டது, எங்கள் பெண்கள் ஒருத்தியும் வாசல் மிதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் கண்ணை மூடினால் தமிழ் வரவில்லை. அவளைத் தனியாக விட்டுவிடாதே அப்பா என்று எங்கள் வீட்டுப் பேச்சிலேயே கதறிவிட்டேன்.

"அல்லேலூயா! தம்பிக்கு அந்நியபாஷை அபிஷேகம் வந்துட்டு, பாத்தியளா!" அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்தார்.

ரூமுக்குப் புதிதாக வந்திருந்த குஜராத்தி டிரைவர் மேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"க்யா பாய், பீவி அகேலி ஹை?"

எங்கள் பேச்சு அவருடைய குஜராத்திக்குச் சொந்தம் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அண்ணன் கையை எடுத்தார். "பொண்டாட்டி தனியாவா இருக்கான்னு கேக்கான். இவனுக்கு எப்பிடி விளங்கிச்சு?"

திருச்சிக்காரப் பெயிண்டர் சிரித்தார். "எங்கூரு பஸ் ஸ்டாண்டுல ஊசிமணி பாசிமணி விக்கிறவங்க இப்படித்தான்ணே பேசுவாங்க. ஆவியானவர் எப்ப பாசி விக்கப் போனாரு?"

வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க எந்த ஆளுவ தம்பி?" அண்ணன் மரியாதையாகத்தான் கேட்டார். பெரம்பலூர் பக்கம் என்றேன். அவர் பைபிளை மூடிவிட்டு எழுந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்தால் ரூம் காலியாக இருந்தது. பக்கத்து ரூமில் பாட்டுச் சத்தம். வராதே என்று யாரும் சொல்லவில்லை. என் பங்குச் சோறு மட்டும் தனிப் பாத்திரத்தில் மூடி, என் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தது. கேம்ப்பைக் கவனிக்கிற கேம்ப் பாஸிடம் சொல்லி ரூமையே மாற்றிவிடுவார்களோ என்று பாத்திரத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

டிரைவர் கீழே இறங்கி வந்து, குழந்தை பிறந்ததா என்று குஜராத்தியிலேயே கேட்டார். எல்லாம் புரிந்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பெண் குழந்தை என்று, எங்கள் பேச்சை விட்டுவிட்டு, இந்தியில் சொன்னேன்.