பானுப்ரியாவின் இடது கை

திண்டிவனம் பக்கத்தில் உள்ள எங்கள் நர்சிங் கல்லூரியில் ஒரு பிளாஸ்டிக் கை உண்டு. ரத்தம் எடுத்துப் பழக வாங்கியது. வருஷக்கணக்கில் ஆளாளுக்குக் குத்தியதில், அதை எங்கே தொட்டாலும் சிவப்புத் தண்ணீர் ஒழுகும். அதனால் இரண்டாம் வருஷத்தில் நாங்கள் ஒன்பது பேர் அதைக் கைவிட்டு, பானுப்ரியாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டோம்.

பானு கண்டாச்சிபுரத்துக்காரி. லீவு விட்டால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பழகிய கை. ரப்பர் பட்டை கட்டாமலேயே நரம்பு புடைத்துத் தெரியும். கையை நீட்டிவிட்டு, மறு கையால் முறுக்கு தின்றுகொண்டிருப்பாள். பதிலுக்கு அவள் ரெக்கார்டு நோட்டில் கலைப்பிரியா படம் வரைந்து கொடுத்தாள், அருணா துணி துவைத்தாள். பானுவுக்குக் காய்ச்சல் என்றால் ஹாஸ்டலே பதறும். அந்தப் பதற்றத்தில் பாதி நரம்புக்காக என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அதிகம் குத்தியவளும் நான்தான், கோட்டக்குப்பம் ஃபர்ஹீன். என் கையை மட்டும் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. ஊசி என்றால் எனக்குப் பயம். நர்சிங் படிக்கிறவள் இதை வெளியில் சொல்ல முடியுமா?

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் வார்டு டெஸ்ட் என்று அறிவித்தார்கள். நோயாளியிடம் ஒரே குத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். தவறினால் அடுத்த பேட்ச்சோடுதான். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்புதான் எங்களுக்கு உறைத்தது, பானு இதுவரை யாரையும் குத்தியதே இல்லை. கை கொடுத்துக்கொண்டே இருந்தவளுக்கு ஊசியைப் பிடிக்க நாங்கள் எங்கே விட்டோம்?

புது ஊசியைக் கொடுத்ததும் அவள் அதை என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"என்னால முடியாதுடி. எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியுமே."

அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஊருக்கே போகிறேன் என்று பையில் துணியை அடைத்தாள். கலைப்பிரியா பையைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தன் கையை நீட்டினாள். பின்னாலேயே அருணா, அப்புறம் மற்றவர்கள். எட்டுக் கைகள். பானு ஒவ்வொரு கையிலும் பஞ்சைத் தடவினாள், ஊசியைக் கிட்டே கொண்டுபோனாள், மன்னிப்புக் கேட்டுவிட்டு, குத்தாமலே விலக்கிக்கொண்டாள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையணை உறையை மும்முரமாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவர்கள் மேல், பிறகு என் மேல். வெட்கமாகவும் இருந்தது. சட்டென்று அவள் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"பதினாலு வாட்டி உன்னைக் குத்தியிருக்கேன். ஒரு வாட்டி திருப்பிக் குத்தினா என்னா? பேஜாரு பண்ணிக்கினு இருக்காத, ஜல்தி குத்து."

பானுவின் முகம் முதல்முறையாகச் சிவந்தது.

"பதினாலு இல்லடி, பதினேழு," என்றவள் குத்தியேவிட்டாள்.

சிரிஞ்சில் ரத்தம் ஏறியதுவரை பார்த்தேன். கண் விழித்தபோது என் கால்கள் இரண்டு தலையணை மேல் இருந்தன. என் முகத்தில் தண்ணீர் தெளித்தபடி, ஒரே குத்து, ஒரே குத்து என்று பானு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டெஸ்ட் அன்று அவளுக்குக் கிடைத்தது கெடாரிலிருந்து வந்த குப்பம்மாள். ஊசியைப் பார்த்ததும் அந்த அம்மாள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பானு மெதுவாகக் குனிந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. எங்க ஃபர்ஹீனே கை குடுத்துட்டா."

டிரேயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நான் சட்டைக் கையைத் தூக்கி, நீலம் பாரித்த இடத்தைக் காட்டினேன். குப்பம்மாள் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கையை நீட்டினார்.

பானு ஒரே குத்தில் எடுத்துவிட்டாள் என்று சொன்னார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.