மண்ணெண்ணெய்க் காரும் மகளின் ஏழாம் மாதமும்

யுத்தகாலத்தில் பெட்ரோலை மருந்து மாதிரி அளந்து கொடுத்தார்கள். ஆகவே காரை மண்ணெண்ணெயில் ஓட்டுவதென்று தீர்மானமாயிற்று. தீர்மானம் என் மைத்துனனுடையது. கார் மட்டும் என்னுடையது.

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் மாப்பிள்ளை குமாஸ்தா. அங்கே இருந்த மகளுக்கு ஏழாம் மாதம் முடியும் தறுவாய். எட்டு பிறந்தால் எங்கள் வழக்கத்தில் பிரயாணம் கிடையாது. அப்புறம் டாக்டர் இல்லாத அந்த மலையிலேயே பிரசவம்.

எண்ணெயும் காற்றும் கலந்து எஞ்சினுக்குள் போகும் குழாய்க்கு மேனிஃபோல்டு என்று பெயர். என் காரில் அது விரிசல் விட்டுவிட்டது. எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு கிடைத்தன. புகைக்குழாயோடு ஒட்டிக்கொண்டு சூடாகும் இரும்பு ஒன்று. தனியாக, குளுகுளுவென்று நிற்கும் அலுமினியம் ஒன்று.

“ஸ்வாமீ, சூடு கிட்டாம மண்ணெண்ண ஆவியாகாது, கேட்டோ. இரும்பு எடுங்க” என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

“சூடானா காத்து விரிஞ்சுடும், அத்திம்பேர். விரிஞ்சா உள்ளே போறது கொறைஞ்சுடும். மலையேற பலம் வேண்டாமா? அலுமினியம்தான்” என்றான் மைத்துனன்.

“அதைப் போட்டா மண்ணெண்ணெய் ஆவியாகுமோ?” என்று கேட்டேன்.

“ஆகாது.”

ஒர்க்‌ஷாப்காரரைப் பார்த்தேன். “அவர் சொல்றதும் சரிதான், ஸ்வாமீ” என்றார். நான் படித்த தர்க்க நூல்களில் எதிராளி தவறாகவாவது இருப்பான். கடைசியில் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து, கனமாயிருந்த இரும்பை எடுத்தேன். வெண்கலப் பானை வாங்கும் முறை அதுதான்.

மகளை அழைத்துவர நானும் மனைவியும் மைத்துனனும் புறப்பட்டோம். வழியில் நெடுமங்காடு வரை எஞ்சின் கொதித்துக் கடகடத்தது. மலைப் பனிக்குள் நுழைந்ததும் சாதுவாக ஏறிற்று. ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மறுநாள் ஏழாம் மாதத்தின் கடைசி நாள். நல்ல நேரத்தில் எஞ்சினைச் சுழற்றினால், சில்லிட்ட இரும்பு ஜடமாகக் கிடந்தது. கிளப்புவதற்கென்று வைத்திருந்த கொஞ்சம் பெட்ரோலையும் மைத்துனன் முயன்று முயன்றே தீர்த்தான்.

“நேரம் போயிண்டிருக்குன்னா! காரை வெளியே தள்ளிப் பரஸ்தானம் பண்ணிடுங்கோ” என்றாள் மனைவி. நல்ல வேளையில் புறப்பட முடியாவிட்டால், கொண்டுபோகும் சாமானில் ஒன்றை வெளியே வைத்தால் போதும், புறப்பட்டதாகக் கணக்கு. சாதாரணமாக அது ஒரு மூட்டையாக இருக்கும். நாங்கள் காரையே தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே, கொட்டும் பனியில் வைத்தோம்.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு யோசனை பிறந்தது. “இலை உலர்த்தற கூடம் கதகதன்னு இருக்கு. காரை உள்ளே கொண்டுவந்தா எஞ்சின் சூடாயிடும்.”

“கெளம்பினது திரும்பி வரப்படாது!” என்றாள் மனைவி.

ஆக, கார் போய்விட்டது, நாங்கள் போகவில்லை. இந்த நிலைமைக்கு மோட்டார்ப் புஸ்தகத்திலும் பரிகாரமில்லை, பஞ்சாங்கத்திலும் இல்லை.

மகள் நிதானமாகப் போய்க் காரில் உட்கார்ந்தாள். “அப்பா, கார்தானே திரும்பக் கூடாது? வெந்நீர் இன்னும் கெளம்பவே இல்லையே. அது இங்கே வரலாமோல்லியோ?”

வெந்நீர் வந்தது. பழைய வேட்டிகளை முக்கி மேனிஃபோல்டில் சுற்றினோம். முதலில் சுற்றியது புகைக்குழாயை என்று பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் ஏறிக்கொண்டதும் மாப்பிள்ளை பின்னாலிருந்து தள்ளினார். சரிவில் கார் உருண்டது, கியரைப் போட்டேன். இருமல், ஒரு வெடிச் சத்தம், அப்புறம் ஓட்டம்.

எங்களைக் கிளப்பியது வெந்நீரா, சரிவா, பரஸ்தானமா என்று நெடுமங்காடு வரை தர்க்கம் நடந்தது. “எதுவானாலும் நிறுத்திடாதேங்கோ, அப்பா” என்றாள் மகள். ஊர் வந்து, கோட்டை மதிலுக்குள் எங்கள் வீட்டு வாசல் வரும்வரை நான் நிறுத்தவில்லை.