கடைசிப் பக்கத்துக் கேள்வி

மாமல்லபுரத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கு, பாடமாக இருந்த ஒரு நாவலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எதைச் சொன்னாலும் நாவலிலிருந்தே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது என் கண்டிப்பு.

அது ஒரு மீனவத் தம்பதியின் கதை. கணவன் கடலுக்குக் கிளம்பும்போது, எப்போது திரும்புவாய் என்றுகூட மனைவி கேட்க மாட்டாள். 'பாசமில்லாதவள்' என்று வகுப்பே எழுதியிருந்தது. நானும் அப்படித்தான் நடத்தியிருந்தேன்.

மீனவர் குப்பத்திலிருந்து வரும் கோமதி மட்டும் எழுந்தாள். "இல்ல மிஸ், அவளுக்குப் பாசம் ஜாஸ்தி. கடலுக்குப் போறவங்கள எப்ப வருவன்னு எங்க வூட்ல கேக்கவே மாட்டாங்க. கேட்டா திரும்பி வரமாட்டாங்கன்னு பயம்."

"அது உங்க வீட்டு வழக்கம். நாவல்ல எங்க இருக்கு?"

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அதில் கணவன் படகை விற்றுவிட்டு, ஹோட்டல் வாட்ச்மேன் வேலைக்கு முதல் நாள் கிளம்புகிறான். மனைவி வாசல்வரை வந்து, "எப்ப வருவ?" என்கிறாள்.

"புக்கு முழுக்கக் கேக்காதவ இப்ப கேக்குறா மிஸ். இனிமே அவரு கரையிலதான இருக்கப்போறாரு."

சும்மா விசாரிக்கிறாள் என்று நான் வருடா வருடம் தாண்டிப்போன வரி அது. இப்போதெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகளை வகுப்பில் வாசிக்கும்போது என் குரல் என் பேச்சைக் கேட்பதில்லை.